குழவி

"சால்டரிங் வருமா? வந்தா எங்ககூட வா" என்றான் ஜுன் காய்,
லிஃப்டில், ஏழாம் மாடிக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில்.
வரும்.
பகலெல்லாம் தோ பாயோவில்
காதுக்கருவிகளைத் திறந்து
வியர்வை தின்ற கம்பிகளை
பூதக்கண்ணாடிக்கு அடியில் ஒட்டவைக்கும் கை.

காக்கி புக்கிட். தொழிற்பேட்டைக் கட்டடம்.
நாலாம் தளத்தில் ஷட்டர் பாதிதான் தூக்கியிருந்தது.
குனிந்து நுழைந்தேன்.
நிமிர்ந்தபோது அணியில் இருந்தேன்.
இஸ்கந்தர் ஒரு மோட்டாரை நீட்டினார்:
"மூணு கம்பி. எதை எதோட வேணா சேர்.
தலைகீழாச் சுத்தினா ரெண்டை மாத்திக்கலாம்."
என் வாழ்க்கையில் இதுவரை
எதுவும் இவ்வளவு லேசாக மன்னிக்கப்பட்டதில்லை.

எடை ஒன்றரைக் கிலோ. ஒரு கிராம் கூடக்கூடாது.
முன்னால் எஃகு உருளை, அதில் இரண்டு பல்,
நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று.
பெயர் வைக்கும் இரவில்
சிலி பாடி என்றாள் ஷு டிங்.
அது ஏற்கெனவே மூன்று அணிகளிடம் இருந்தது.
நான் உருளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
குழவி, என்றேன்.
குலவி, என்றான் ஜுன் காய்.
குரவி? குடவி? என்றார் இஸ்கந்தர்.
அம்மிமேல் உருளும் கல் என்று சொல்லி
அது மிளகாயை என்ன செய்யும் என்பதைக்
கையால் செய்து காட்டினேன்.
எல்லோருக்கும் பிடித்துவிட்டது.
இன்னோர் அர்த்தம் இருப்பதைச்
சொல்லாமல் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமைகள் அதன்பின் எனக்கு இல்லை.
முதன்முதலாக அது சுற்றிய இரவில்
பாலிகார்பனேட் பெட்டிக்கு வெளியே
மேசையில் தொங்கிய கோப்பிப் பைகள்
மூன்றும் நடுங்கின.
அம்மா கேட்டாள்,
"நாற்பத்தொரு வயசுல சண்டைக்குப் போறியா?"
"நான் இல்லம்மா, அது."
"அப்ப நீ எதுக்கு?"

போட்டி ஜூரோங் ஈஸ்டில்,
கடைத்தொகுதியின் அடித்தளத்தில்.
தராசு சொன்னது: ஆயிரத்து ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
ஸ்டிக்கரை உரித்தோம். இரண்டு கிராம்.
திருகாணிகளை அலுமினியத்துக்கு மாற்றினோம். ஐந்து.
மிச்சத்துக்கு
நான் தாராளமாய் விட்டிருந்த கம்பியைக்
கட்டையாக வெட்டி
கால் கடுக்க நின்றபடி ஒட்டினேன்.
சரியாக ஒன்றரைக் கிலோ.
தராசுக்காரர் கட்டைவிரலை உயர்த்தினார்.

முதல் சண்டை நாற்பது விநாடி.
ஈசூன் பையன்களின் தகரச் சறுக்கு
கூரையில் மோதி மல்லாந்து விழுந்தது.
நான் கத்தினேன்.
நாள் முழுக்கத் தாழ்ந்த குரலில்
"இப்போ கேக்குதா, இப்போ?" என்று கேட்பவள்
தொண்டை கிழியக் கத்தினேன்.

இரண்டாவதில்
எதிரியின் வாள் ஒரே ஒருமுறை உரசியது.
பெரிய அடிகூட இல்லை.
உருளை நின்றது.
இடது சக்கரம் செத்தது.
வலது மட்டும் ஓட, குழவி
தன்னையே சுற்றிச் சுற்றி வந்தது,
எதையோ தொலைத்ததுபோல.
நடுவரோடு சேர்ந்து மண்டபமே பத்துவரை எண்ணியது.
எனக்கு அந்த ஒற்றைச் சக்கரம்தான் கேட்டது.

மூடியைக் கழற்றி
இஸ்கந்தர் சிமிட்டாவால் லேசாக இழுத்தார்.
வெண்ணெயிலிருந்து மயிர் வருவதுபோல் வந்தது கம்பி.
நுனியில் மங்கிய சாம்பல் நிறம்.
சூடு போதாத ஒட்டு.
"இது என்னோடது" என்றேன்.
இல்லை என்று யாரும் சொல்லவில்லை.
சொல்லியிருந்தால் அடுத்த வியாழன் போயிருக்க மாட்டேன்.
"அடுத்த தடவை நீளமா விடு,"
ஷு டிங் பிஸ்கட்டை மென்றபடி சொன்னாள்,
"கிராமை நான் வேற எங்கயாவது வெட்டுறேன்."

திரும்பும் எம்ஆர்டியில்
பேட்டரி தனிப் பையில், இஸ்கந்தரிடம்.
துண்டில் சுற்றிய குழவி என் மடியில்.
எதிர் இருக்கை அம்மையார்
எட்டிப் பார்த்துப் புன்னகைக்கத் தொடங்கி,
பல்லைப் பார்த்துவிட்டுத் தன் போனுக்குத் திரும்பினார்.
"பேரு வைக்கும்போது நீ ஒரு மாதிரி சிரிச்ச,"
என்றான் ஜுன் காய்,
"வேற அர்த்தம் ஏதாவது இருக்கா?"

பாயா லேபார் வரட்டும், சொல்கிறேன் என்றேன்.
பெட்டிக்குள் ஏசி ஓங்கி அடித்தது.
துண்டின் ஓரத்தை
இன்னும் கொஞ்சம் இழுத்து மூடினேன்.