எடுக்காத நம்பர்

மத்தியானம் இரண்டரை. எண்ணூர் ரோட்டில்
நகராமல் நிற்கின்றன ட்ரெயிலர்கள்.
யார்டு கேட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன்:
வண்டி நம்பர், சீல் நம்பர், உள்ளே வந்த நேரம்.
ஃபோன் அடிக்கிறது.

"ஆஸ்பத்திரியில இருந்து பேசறேன் மேடம், ஷப்ரீன்.
ஏழு வருஷம் முன்னாடி உங்களுக்கு
கர்ப்பப்பையில பாலிப் எடுத்தாங்க இல்ல?
அஞ்சு நிமிஷம் கேள்வி கேக்கலாமா?"

இந்த வண்டி அரை மணிக்கு அசையாது.
கேளு பாப்பா.

"எந்த முறையில எடுத்தாங்க?"

எந்தத் தடவையைக் கேக்கற?

முதல் தடவை சுரண்டினார்கள்.
கரண்ட் போன வீட்டில் சாவி தேடுகிற மாதிரி,
கைக்குப் பட்டதை எடுத்தோம் என்று
அந்த டாக்டரே பிறகு சொன்னார்.
காம்பு அங்கேயே இருந்திருக்கிறது.
பதினாலு மாதம் நன்றாக இருந்தேன்.
பிறகு ஒரு நைட் ஷிஃப்டில்
பிளாஸ்டிக் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் பயந்து
நாற்பத்தியொரு வண்டியை
உட்கார்ந்தபடியே பதிந்தேன்.
திமிர் பிடிச்சவ என்றார்கள் டிரைவர்கள்.

இரண்டாம் தடவை கேமரா.
முதுகில்தான் ஊசி, அதனால் முழித்திருந்தேன்.
டிவியில் என் உள்பக்கம்.
தண்ணீரில் அசைந்துகொண்டிருந்தது,
உரித்த இறால் அளவுக்கு ஒன்று.
இவ்வளவுதானா நீ?
கம்பி வளையம் வந்து அடியில் உட்கார்ந்தது.
பிறகு அந்த இடம் வெறும் சுவர்.

"மறுபடி வந்துச்சா?"
இல்ல.
"கேன்சர் டெஸ்ட் ரிசல்ட்?"
ஒண்ணும் இல்லன்னு எழுதின தாள்
ரேஷன் கார்டுக்குள்ள இருக்கு.
"கர்ப்பப்பைய எடுத்துட்டீங்களா?"
ஒரேயடியாப் போகட்டும்னு நாத்தனார் சொன்னா.
நான் எடுக்கல. போன தை மாசத்தோட
தானா நின்னுடுச்சு.
"திருப்தியா இருக்கீங்களா,
ஒண்ணுல இருந்து பத்துக்குள்ள?"

வெளிர் மஞ்சளில் ஒரு சுடிதார் தைத்தேன்.
திருப்பதி போகிற பஸ்ஸில்
ஜன்னல் ஓரம் கேட்டு வாங்கினேன், அஞ்சு மணி நேரம்.
அதற்கெல்லாம் அவளிடம் கட்டம் இல்லை.
எட்டு போடு. பத்து போட்டா
உங்க மேடம் நம்ப மாட்டாங்க.

சிரிக்கிறாள். தேங்க்ஸ் சொல்கிறாள்.

இரு. எனக்கும் ஒரு கேள்வி.
முதல் தடவ என் பக்கத்துக் கட்டில்ல ஒருத்தி.
வேளாங்கண்ணின்னு பேரு.
காசிமேட்டுல மீன் பெட்டிக்கு ஐஸ் அள்ளிப் போடறவ.
அதே நாள், அதே சுரண்டல்.
அவளுக்குத் திரும்ப வந்துச்சா?

"அடுத்தவங்க விவரம் சொல்லக் கூடாது மேடம்."
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
பிறகு குரல் தணிகிறது:
"மூணு தடவ போட்டேன். எடுக்கல.
தொடர்பில் இல்லைன்னு எழுதியாச்சு."

எங்க பக்கம் நம்பர் மாறினா சாவு இல்ல பாப்பா, ஆஃபர்.
புருஷன் அடகு வைப்பான். பிள்ளை உடைப்பான்.
ஐஸ் தண்ணியில விழுந்து தானா செத்துப்போகும்.

நூறு பேரில் எத்தனை பேருக்குத் திரும்ப வந்தது என்று
நீங்கள் கணக்குப் போடும்போது
அவள் நூறிலேயே இருக்க மாட்டாள்.
அவளுக்குக் கேமராவைப் பற்றி யார் சொன்னார்கள்?
பெட்டி மேல் உட்கார்ந்தவள்
ஏலம் முடிந்தும் எழுந்திருக்காமல் இருக்கிறாளா?

இங்கே கேட்டைத் தாண்டி வெளியே போய்
திரும்பி வராத வண்டிக்கு நேராக
தொடர்பில் இல்லை என்று நான் எழுதினால்
மறுநாள் எனக்கு வேலை இல்லை.
ஆள் அனுப்ப வேண்டும். தேட வேண்டும்.
டயர் பஞ்சர் என்றாவது
காரணம் எழுத வேண்டும்.

முன்னால் ஒரு ட்ரெயிலர் ஹாரன் அடிக்கிறது.
ஷிஃப்ட் ஆறு மணிக்கு முடியும்.
ஷேர் ஆட்டோவில் காசிமேடு இருபது ரூபாய்.

உன் நம்பர் சொல்லு பாப்பா,
மெதுவா.
லாக் புத்தகத்தின் ஓரத்தில்,
சீல் நம்பருக்குப் பக்கத்தில்
எழுதிக்கொள்கிறேன்.