பதினைந்து நாள்

ஷிப்பகன் துறையிலிருந்து ஏழு மணி நேரத் தொலைவு.
மூடுபனி. கண்காணிப்பு விமானம் எழவில்லை.
பார்த்தது நாங்கள் மூவர் மட்டும்:
செலிக்கா, நான், இரை வெட்டிக்கொண்டிருந்த ஓசியாஸ்.

முதலில் மூச்சு. இரண்டாகப் பிளந்த வெள்ளை மூச்சு.
தளம் முழுக்க அழுகிய முட்டைக்கோஸ் வீச்சம்.
பிறகு முதுகு,
போய்க்கொண்டே இருந்தது.
வால் எழும்பியபோதுதான் தெரிந்தது
அடிவாலைச் சுற்றிய வெண்தழும்பு,
சரியாக எங்கள் கயிற்றின் பருமன்.

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.
அடியில் நூற்றைம்பது நண்டுக்கூடுகள்.
சொன்னால் பதினைந்து நாள் இந்தக் கடலுக்குப் பூட்டு.
இஞ்சின் கடனின் வட்டிக்கு எந்தப் பூட்டும் இல்லை.

ஓசியாஸ் கத்தியைத் துடைத்தான்.
துடைத்ததையே துடைத்தான்.
"பனிதானே, யாருக்குத் தெரியும்."

செலிக்கா ரேடியோவை எடுத்தாள்.
அட்சரேகை சொன்னாள், தீர்க்கரேகை சொன்னாள்.
"பெயர்?" என்றது கரகரத்த குரல்.
"யாருடையது? என்னுடையதா, அதனுடையதா?"

இருட்டும் வரை கூடுகளைத் தூக்கினோம்.
நாற்பதாவதில் ஒரே ஒரு நண்டு, அதுவும் பெட்டை.
சட்டப்படி அதையும் விட்டோம்.

பனிக்குள் எங்கோ
மறுபடி அந்த மூச்சு.
"போய்த் தொலை" என்றான் ஓசியாஸ்,
பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிற குரலில்.