ஐந்தரை மணிப் பதிவு

கேஸ் ஷீட்டில் இருந்தது:
'மாலையில் மூர்க்கம். தேவைப்பட்டால் ஊசி.'
தேவை யாருக்கு என்று எழுதவில்லை.

முனிவெங்கடப்பா, எழுபத்தெட்டு, ஏழாம் கட்டில்.
காலையில் களியும் கீரைக் கடைசலும்
கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவர்
ஐந்தரை ஆனால் கதவை உலுக்குவார்,
தெலுங்கில் வைவார்.
போன மாதம் என் கன்னத்தில் ஒன்று விழுந்தது.

ராயக்கோட்டை ரோட்டில் இறங்கி
நாற்பது பக்க நோட்டு வாங்கினேன்.
அடிக்கும் முன் என்ன நடந்தது,
யார் நின்றார்கள், எந்த விளக்கு எரிந்தது,
சிறுநீர் போனாரா, பல் வலியா,
மலம் இறங்கி எத்தனை நாள்.

ஒன்பது நாள் எழுதினேன்.
பத்தாம் நாள்தான் என் காதுக்கு எட்டியது
மொட்டைமாடி டேங்க் நிரம்பி வழிகிற சத்தம்.
மோட்டாரைப் போட்டுவிட்டு
வாட்ச்மேன் டீக்குப் போயிருந்தார்.

மகளுக்குப் போன் போட்டேன்.
'அப்பாவா? கே.ஆர்.பி. டேமில் லஸ்கர்.
முப்பத்தோரு வருஷம் ஷட்டர் சுத்தினவர்.'

ஓ.
தண்ணீர் வழிகிறது, ஷட்டரை ஒருத்தரும் தூக்கவில்லை,
கீழே காவேரிப்பட்டணம் விளக்கேற்றுகிறது,
இங்கே ஒருத்தி
'தாத்தா, படுங்க' என்கிறாள்.
நானாயிருந்தாலும் அறைந்திருப்பேன்.

மோட்டார் நேரத்தை மாற்றினோம்.
பாதிதான் அடங்கியது,
மீதி அவருக்குள்ளேயே ஏறிக்கொண்டிருந்தது.

அதனால் ஐந்தேகாலுக்கே போய்விடுகிறேன்.
பின்னாலிருந்து அல்ல, நேரெதிரே,
கண்ணுக்குக் கண்ணாகக் குனிந்து:
'லஸ்கரே, மட்டம் எவ்வளவு?'
'ஐம்பதரை அடி, சார்.'
சார் நான்தான். திருத்துவதில்லை.
'மூணாம் நம்பரைத் தூக்கலாமா?'
'கரையோர ஊருக்குத் தண்டோரா போட்டாச்சா?'
'போட்டாச்சு.'

காலியாக இருக்கும் எட்டாம் கட்டிலின்
கால்மாட்டுக் கைப்பிடியைச் சுற்றுவார்.
துருப்பிடித்த திருகு முனகும்,
தலைமாடு விரல்விரலாக எழும்பும்.
கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பார்.
'போகுது' என்பார்.
பிறகு மோர் குடிப்பார், கை நடுங்காமல்.

ஊசி மருந்து பிரிட்ஜ் மேல் பெட்டியில்
இருபத்தியாறு நாளாக உடையாமல் இருக்கிறது.
டாக்டர் ரவுண்ட்ஸில் கேட்டார்,
'என்ன சிஸ்டர் குடுக்கறீங்க?'
'வேலை குடுக்கறேன் சார்.'
அவர் சிரித்தார், ஷீட்டில் எழுதவில்லை.

நேற்று மட்டம் கேட்டேன்.
'நீ யாரு' என்றார்.
மோர் டம்ளர் சுவரில் போய் விழுந்தது.

துடைத்துவிட்டு நோட்டைத் திறந்தேன்.
மாலை 5.20.
அடிக்கும் முன் நடந்தது:
எட்டாம் கட்டிலுக்கு
ஊத்தங்கரையிலிருந்து ஆள் வந்துவிட்டது.