அப்புறம்?

பொம்பாக்காரர் கொடுத்த தாள் நூற்று இருபது.
ஒரு பக்கம் மலாய்.
மறுபக்கத் தமிழ் என் கையெழுத்து;
பஸ் நிலையத்துக் கடையில் நகலெடுத்தது.
‘புகை’க்கு ஒரு கொம்பு விட்டுப்போய்
எல்லாத் தாளிலும் ‘புக’ என்று நிற்பது
இரண்டாம் மாடியில்தான் கண்ணில் பட்டது.

ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டவர்கள்
லயத்தையும் தள்ளிவிட்டு
எங்களை ஏற்றிவிட்ட ஐந்து மாடி,
பத்தாங் பெர்ஜூந்தையில்.
படி முழுக்கச் செருப்பு அலமாரி,
மழையில் ஊறிய மெத்தை,
ஜம்ரி மகனின் மோட்டார்.
ஆ லெங் அக்கா ஊதுபத்தி டின்னைத் தூக்கிக் காட்டி
“இதுவுமா?” என்றாள்.
வங்காளதேசத்துப் பையன்கள் பதினோரு பேர்
படத்தை மட்டும் பார்த்துவிட்டு
எனக்குத் தே கலக்கினார்கள்.

நாலாம் மாடி, பதினோராம் எண்.
கம்பிக் கதவு, பூட்டு.
உள்ளே யுவஷினி, இரண்டாம் ஆண்டு.
“அம்மாவுக்குக் கையுறை கம்பெனியில நைட்டு.
சாவி அம்மா பேக்குல.”

தாளைக் கம்பிக்குள் நீட்டினேன்.
எழுத்துக் கூட்டினாள்:
புக வந்-தால் கு-னிந்-து
வா-ச-லுக்-குப் போ.
படித்த கையோடு குனிந்தாள்.
தொலைக்காட்சியடியிலிருந்து தவழ்ந்து,
சோற்றுத் தட்டைச் சுற்றி,
கம்பியில் மூக்கு இடிக்கும்வரை வந்தாள்.
“வந்துட்டேன் டீச்சர். அப்புறம்?”

நான் டீச்சர் இல்லை.
பாமாயில் ஆலையில் லோரி எடை பார்க்கிறவள்.
தாளைத் திருப்பினேன்.
மலாயிலும் அப்புறம் இல்லை.

அவள் தூங்கும்வரை படியில் உட்கார்ந்திருந்தேன்.

காலையில் புனிதவதி
கண்ணெல்லாம் சிவந்து வந்து நின்றாள்.
“சாவிய வெச்சா யாருக்கும் தெறந்துருவாக்கா.
தீ எப்பவோ வரும்.
ஆளுங்க தெனமும் வர்றாங்க.”
நான் ஏதோ சொன்னேன், அவள் ஏதோ சொன்னாள்,
பக்கத்து வீட்டுக் கதவு திறந்து மூடியது.
அதற்குமேல் அந்த வீட்டைத் தட்டவில்லை.

இன்று சனி. இரவு பத்தரை.
மேலே சுத்தியல்.
சிமெண்டில் ஆணி வளைகிறது போலும்,
நிறுத்தி, மறுபடி.
கீழிருந்து யாரோ மலாயில் திட்டுகிறார்கள்.
மேலிருந்து பதில் இல்லை, இன்னும் இரண்டு அடி.

பாயில் மல்லாந்து கேட்கிறேன்.
படம் மாட்டுகிற உயரத்தில் இல்லை சத்தம்.
என் கூரைக்கு
ஒரு சாண் மேலே.