பட்டியல் எழுதாத மாதம்

ஆடி முடியுமுன்பே கூழ் ஆலையில்
கொதிகலனை அணைத்துவிட்டார்கள்.
இந்த வருஷம் காய்ப்புக் குறைவு.
நாற்பது நாள் முன்னதாக
அவர் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்,
நகக்கண்ணில் மாம்பழ மஞ்சள் போகாமல்.

காலண்டர் தாளின் பின்பக்கத்தில்
சம்பங்கி கடைக்குப் பட்டியல் எழுத ஆரம்பித்தேன்.
‘துவரம்பருப்பு’ என்று எழுதினேன்.
விலை ஞாபகம் வந்தது.
பேனாவை மூடிவிட்டு
ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன்.

அலமாரியின் மேல்தட்டில்
என் அவசரங்கள் எல்லாம்
ரப்பர் பேண்டு போட்டுக் கிடந்தன.
தீர்ந்துவிட்டதென்று வாங்கி வாங்கி
மூன்று பாக்கெட்டில் அரையரையாய் சேமியா.
வண்டு வைத்த ரவை.
போச்சம்பள்ளிச் சந்தையில் மலிவென்று அள்ளிய
இரண்டு கிலோ கொள்ளு.
உடம்பு இளைக்கவென்று வாங்கிய சாமை
(உடம்பு அப்படியே இருக்கிறது).
வராத விருந்தாளிக்காக ஐம்பது கிராம் முந்திரி,
சிக்கு வாடையோடு.
ராகி மாவு ஒரு தூக்கு நிறைய.
புளி அடுத்த சித்திரை வரைக்கும்.

இத்தனை நாள்
மறதிக்குத்தான் நான் மளிகை வாங்கியிருக்கிறேன்.

ரவையை மொட்டைமாடியில் பரப்பினேன்.
சையத் பாஷா மலைக்கு எதிரே
வண்டுகள் அவசரமில்லாமல் குடிபெயர்ந்தன.

முதல் வாரம் கொள்ளு.
ரசம், சுண்டல், துவையல், மறுபடி ரசம்.
“நாம என்னம்மா, குதிரையா?” என்றாள் யுவஸ்ரீ.
“லாடம் மட்டும்தான் பாக்கி,” என்றார் அவர்.
அன்றைக்குத்தான் வீட்டில் முதலில் சிரிப்புச் சத்தம்.

பிறகு களி.
சாமைக் கிச்சடி அடிப்பிடித்தது, தின்றோம்.
கொத்தமல்லித் தண்டு ரசத்துக்கு,
அரிசி களைந்த தண்ணீர் குழம்புக்கு,
அப்பளம் அனலில் காட்டி,
தேங்காய் அரைமூடி, கால்மூடி,
கடைசியில் தேங்காய் என்ற பேச்சு மட்டும்.
பாலக்கோட்டில் தக்காளி விலை சரிந்த அன்று
ரோட்டோரம் ஒரு கூடை ஐம்பது ரூபாய்.
யாருடைய நஷ்டமோ
என் ஜாடியில் தொக்காக இறங்கியது.
அதைப்பற்றி அப்போது யோசிக்கவில்லை.

சம்பங்கி கடையைத் தவிர்க்க
பள்ளிவாசல் தெருவைச் சுற்றிப் போனேன்.
பத்தொன்பதாம் நாள்
அவரே மொபெட்டில் வந்து வாசலில் நின்றார்.
“ஏம்மா, போன மாசம் பருப்புல கல்லு கில்லு இருந்துச்சா?
ஏசி போட்ட கடைக்கு மாறிட்டீங்களா?”
“இல்லண்ணா, வீட்லயே இருக்கு.”
நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.
சட்டைக்குள்ளிருந்து கணக்கு நோட்டை எடுத்து
எங்கள் பக்கத்தைக் காட்டினார்.
பன்னிரண்டு வருஷத்தில் முதல்முறையாக
வெள்ளையாக இருந்தது.
“இந்தத் தெருவுல இன்னும் ஏழு பக்கம் இப்படி.
கூழ் ஆலை நின்னா
என் தராசும் நின்னுடுதும்மா.”

என்ன சொல்ல? டம்ளரில் ரசம் கொடுத்தேன்.
ஒரு வாய் குடித்தார்.
மூக்கைச் சுருக்கி இன்னொரு வாய்.
“நல்லா இருக்கு,” என்றவர்
டம்ளரைக் கீழே வைக்கும்போது சொன்னார்:
“ஆனா இது நம்ம கடைக் கொள்ளு இல்லையே.”

மாதம் முடிந்து கணக்குப் பார்த்தேன்.
நாலாயிரத்து அறுநூறு ஆகிற இடத்தில்
ஆயிரத்து நூற்றி முப்பது.
அதில் பாதி பால்.
கழுவிக் கவிழ்த்த டப்பாக்கள்
அடுப்படியெங்கும்.
மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் கைதட்ட வந்து
கை பாதியில் நின்றது.

காலண்டர் தாளை மறுபடி எடுத்தேன்.
துவரம்பருப்பை அடித்துவிட்டு
கடுகு நூறு கிராம் என்று எழுதினேன்.
நிஜமாகவே தீர்ந்திருந்தது கடுகு ஒன்றுதான்.
கடன் வேண்டாம், காசாகவே கொடு என்று
யுவஸ்ரீயை அனுப்பினேன்.

கடுகோடு வந்தாள்.
இன்னொரு கை மூடியிருந்தது.
எப்போதும்போல் சம்பங்கி கொடுத்த
ஒரு பிடி பொட்டுக்கடலை.
காலி டப்பா ஒன்றை நிமிர்த்தி
மூடியைத் திறந்தேன்.
“எதுக்கு?” என்றார் அவர்.
அதுவும் சரிதான்.
அடுப்படியில் நின்றபடியே
மூன்று பேரும் தின்று தீர்த்தோம்.