பதினைந்து ஆம்பியர்

முதலில் கறுப்பைக் கழற்று.
சிவப்பை அல்ல.
சிவப்பில் ஸ்பேனர் இருக்கும்போது
அதன் வால் பாடி இரும்பில் பட்டால்
பாட்டரி ஒரே ஒரு வார்த்தை பேசும்.
அந்த வார்த்தை வெள்ளையாக இருக்கும்.

யொக்மொக்கில் டிசம்பர்.
மதியம் ஒன்றரைக்கே வானம் கடையை அடைத்துவிட்டது.
கராஜுக்குள் மைனஸ் பதினொன்று,
வெளியே எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை.
என் வோல்வோ பானெட்டைத் திறந்து நிற்கிறது,
பல் டாக்டரிடம் வாயைத் திறந்தவன் போல,
எதுவும் கேட்க முடியாமல்.

ராத்திரி வேலை எனக்கு. ஏழு வீடு, நூற்று நாற்பது கிலோமீட்டர்,
ஊசி, மாத்திரை, ஈர மெத்தை.
மந்தை நடமாடும் இடத்தில்
சாலையோரக் கம்பத்தில் கறுப்புப் பை கட்டுவார்கள்.
கறுப்புப் பை,
இருட்டில்.
அதனால்தான் இந்த எல்இடி பட்டையை வாங்கினேன்.

எவர்ட்டும் வாங்கினான், போன வருடம்.
பாட்டரியிலிருந்து நேராக ஒரு வயர்,
எஞ்சினுக்கும் முழங்காலுக்கும் நடுவே உள்ள தகட்டில்
துளை போட்டு, உள்ளே இழுத்து, சுவிட்சில் முறுக்கி:
அரை மணி நேரம், ஒரு பீர்.
துளைக்கு ரப்பர் வளையம் இல்லை. ஃபியூஸ் இல்லை.
மூன்று மாதம், ஒவ்வொரு குலுக்கலுக்கும்,
தகட்டின் விளிம்பு வயரின் தோலை அறுத்தது.
பிப்ரவரியில்
எவர்ட் ஃபிளாஸ்கோடு சாலையில் நின்றான்.
கார் பனியை உருக்கி
பாசிவரை ஒரு கறுப்புக் கட்டம் வரைந்திருந்தது.
"காபி தப்பித்தது" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

ஆகவே நான் மெதுவாக.
பாட்டரிக்கு ஒரு சாண் தள்ளி ஃபியூஸ்,
அதற்கு மேல் ஒரு விரல்கூடக் கூடாது:
காவல் இல்லாத வயர் எவ்வளவு குட்டையோ அவ்வளவு தூக்கம் எனக்கு.
பிறகு ரிலே.
பத்து ஆம்பியர் பனங்காயை
சுவிட்சுக் குருவியின் தலையில் வைக்காமல் தாங்க
ஒரு தீப்பெட்டி அளவுப் பிளாஸ்டிக்.
எண்பத்தேழு விளக்குக்கு, முப்பது பாட்டரிக்கு,
எண்பத்தாறு ஹைபீமிடமிருந்து,
எண்பத்தைந்து பூமிக்கு.
பூமி என்றால் பெயின்ட் அல்ல:
சுரண்டு, இரும்பு கண் விழிக்கும்வரை.

கையுறையோடு முடியாது. கையுறை இல்லாமல்
நாலு நிமிடம்தான் விரல் விரலாக இருக்கும்.
கிரிம்ப் ஒன்று, ஊது,
கிரிம்ப் இரண்டு, அக்குள்.

சிவப்பை மாட்டினேன். கடைசியில் கறுப்பு.
லீவரைத் தள்ளினேன்.
கராஜ் சுவர் பகலானது: சறுக்குக் கட்டைகள், பெயின்ட் டப்பாக்கள்,
போன கணவனின் மீன் வலை.
அப்புறம்
டிக்.
இருட்டு.

இருபது நிமிடம் டார்ச்சைப் பல்லில் கடித்துத் தேடினேன்.
ஒரு கிரிம்ப்பிலிருந்து தப்பிய செம்பு இழை,
என் தலைமயிரைவிட மெல்லியது,
பிராக்கெட்டை முத்தமிட்டுக்கொண்டிருந்தது.
வெட்டினேன். சுருங்கும் குழாயைச் சூடாக்கினேன்.
புது ஃபியூஸ். இறந்த நீலத்தைப் பைக்குள் போட்டேன்,
ஏன் என்று தெரியாது.

இரண்டு நாற்பது. முதல் கம்பம், முதல் பை,
கறுப்பு கறுப்பாகத் தெரிந்தது.
அதற்கும் அப்பால் பதினோரு பனிமான்கள்,
சாலையின் உப்பை நக்கிக்கொண்டு,
கண்கள் மட்டும் பச்சையாக.
நிறுத்த எனக்கு முந்நூறு மீட்டர் மிச்சம் இருந்தது.
பிறகு ஒரு மர லாரி. லீவரை இழுத்தேன்,
ஒரே சொடுக்கில் இரண்டும் தணிந்தன,
அவனும் தணித்தான்.
பேசாத ஊரில் இதுதான் வணக்கம்.

ஏரிக்கு அந்தப் பக்கம் யோர்டிஸ்
கதவைத் திறந்ததும் திட்டினாள்:
"என்ன அது, கப்பலா? ஒன்பது நிமிடமாக
என் சமையலறையை யாரோ சோதனை போடுகிறார்கள்."
ஆனால் காபி வைத்திருந்தாள், அந்த ஒன்பது நிமிடத்தில்.
இன்சுலினைத் தேடிப் பையைக் கவிழ்த்தேன்,
நீல ஃபியூஸ் மேசையில் விழுந்தது.
"இது என்ன மருந்து?"
"இது போட்டாயிற்று" என்றேன்.

அடுத்த வீடு முப்பத்திரண்டு கிலோமீட்டர்.