எடு என்றால்

கலாசிப்பாளையம், லாரி ஆபீஸ் மாடி.
மேசைக்கடியில் ஒரு கறுப்புப் பெட்டி
விசிறி இரைய மூச்சு வாங்குகிறது.
அதற்குள்தான் இருக்கிறது எங்கள் மொழி மாதிரி.
சின்னது. வெளியே போகும் கம்பி கிடையாது.
எட்டு ஜிபிக்குள் முழங்காலை மடக்கிக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறது.
பெரியவை போல் குறிப்பறியாது.
சொன்னதைச் செய்யும், அல்லது
சொன்னதாக அது நினைத்ததை.

அதன் கையில் பதினொரு கருவிகள் கொடுத்திருந்தேன்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கத்தோடு.
நாலாவதற்கு, ஒரு சனிக்கிழமை,
ஷட்டர் இறங்குகிற அவசரத்தில் எழுதியது:
'சரக்கை எடுக்கும்.'

பட்டியலிலிருந்து எடுக்கும் என்று
எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்தால் போதாதா.

திங்கள் காலை புக்கிங் முனிரத்னா தட்டினார்:
'சேலம் சரக்க எடு, பாக்கணும்.'
எடுத்தது.
முப்பத்தேழு வரிகள். ஒரு நொடிகூட ஆகவில்லை.
'எடுத்துவிட்டேன், வேறு ஏதாவது உண்டா?' என்று
பணிவாகக் கேட்கவும் செய்தது.

காது மெஷின் பேட்டரி ஏழு பெட்டி,
கல்யாண மண்டபத்து நாற்காலி உறைகள்,
ஆத்தூர் பள்ளிக்கூடத்துக்கு உலக உருண்டை முப்பது,
எல்லாம் கீழே கோடவுனில் அப்படியே இருந்தன,
யாருடையதும் அல்லாமல்.
ராத்திரி பத்துவரை ரசீது அடிக்கட்டைகளைப் பிரித்து
ஒவ்வொன்றாக மறுபடி ஏற்றினோம்.

பல் எடுத்தால் அப்புறம் வாயில் இருக்காது.
போட்டோ எடுத்தால் முகம் இருந்த இடத்திலேயே இருக்கும்.
மார்க் எடுக்கிறோம், வாந்தி எடுக்கிறோம்,
அடுத்த வீட்டு போனை எடுக்க மாட்டேனென்கிறார்கள்.
பசி எடுக்கும்போது
எடுப்பது யார், எதிலிருந்து?
இரண்டே எழுத்து. இத்தனையும் உள்ளே தள்ளி
கதவைச் சாத்தியிருக்கிறோம்.

திரும்ப எழுதினேன்:
'ஒரு சரக்கின் பதிவை நிரந்தரமாக அழிக்கும்.
அழித்தால் திரும்ப வராது.
புக்கிங் ரத்தானால் மட்டும் பயன்படுத்து.
தேட, காட்ட இது அல்ல, அதற்கு இரண்டாவது கருவி.
ரசீது எண் வேண்டும், ஆறு இலக்கம், 204817 போல.
எண் தரவில்லையென்றால் கேள்.
நீயாக ஒன்றை உண்டாக்காதே.'

பக்கத்து மேசை ஷெரில் படித்துவிட்டுச் சிரித்தாள்:
'ஒண்ணாங்கிளாஸ் பையனுக்கு எழுதின மாதிரி இருக்கு.'
பையன் என்றால் என் முகத்தைப் பார்ப்பான் ஷெரில்.
புருவம் ஏறினால் கையை இழுத்துக்கொள்வான்.

போன ஜூனில் ஒருவன், மடிவாளாவில், மழைக்கு ஒதுங்கி,
'என்னை விட்டுடு' என்றான்.
ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டே கேட்டேன்:
'மெஜஸ்டிக்கா, சாட்டிலைட்டா?'
ரொம்ப நேரம் பார்த்தான்.
'சாட்டிலைட்' என்றான்.
கொண்டுபோய் விட்டேன், பஸ் கிளம்பும்வரை நின்றேன்,
திரும்பி வரும்போது, மைசூர் ரோடு நெரிசலில்,
கருவி மாறிப்போனது உறைத்தது.
அவன் இன்னொரு வரி சொல்லியிருக்கலாம்.
எதற்கு அல்ல என்றாவது.
நான் கேட்டிருக்கலாம்.

இப்போது ஐம்பது தடவை சோதித்தால்
நாற்பத்தெட்டு தடவை சரியாக வருகிறது.
மீதி இரண்டில் தயங்குகிறது:
'எடு என்றால் காட்டவா, அழிக்கவா?'
முனிரத்னாவுக்கு எரிச்சல்.
'எதுக்கெடுத்தாலும் கேள்வி கேக்குது மேடம்.'
எதற்கெடுத்தாலும். அதிலும் ஒரு எடு.
அவரிடம் சொல்லவில்லை.

கீழே லாரி ரிவர்ஸ் வருகிறது.
'சாக்கு, சாக்கு' என்று கத்துகிறான் கன்னடக் கிளீனர்.
என் காதில் கோணி மூட்டை.
டிரைவர் காதில் போதும்.
சுவருக்கு ஒரு சாண் முன்னால் நின்றுவிட்டது வண்டி.

அடுத்த கருவியைத் திறக்கிறேன், ஐந்தாவது.
என் கையெழுத்து மாதிரியே தெரிகிற அதே ஒற்றை வரி:
'சரக்கைப் பார்த்துக்கொள்ளும்.'